எத்தனாலில் இயங்கும் டர்போ பொறிகளில் புகைவாயு வெப்பநிலைக் கண்காணிப்பு

புகைவாயு வெப்பநிலைக் கண்காணிப்பு என்பது உள் எரி பொறியின் சிலிண்டரிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பநிலையை அளந்து, உள்ளே எரிதல் எவ்வாறு நடக்கிறது என மதிப்பிடும் முறையாகும். டர்போசார்ஜர் பொருத்திய பொறிகளில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. டர்போவின் சுழலிச் சக்கரம் அந்த வாயுவின் பாதையிலேயே நிமிடத்துக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்கிறது. பெட்ரோல் கார்களில் அதற்கான மேல் வரம்பு பொதுவாக 950 °C அளவில் இருக்கும். உயர்வகை உலோகக் கலவையாயின் 1050 °C வரை செல்லலாம். வரம்பைத் தாண்டி நெடுநேரம் ஓடினால் சக்கரத்தின் இதழ்கள் நீண்டு உறையில் உரசும். மேனிஃபோல்டில் விரிசல் விழும்.

எத்தனாலில் இந்த வெப்பநிலை குறைவாகவே காட்டும். பெட்ரோலில் பழகிய கண்ணுக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

பின்னணி

செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், ஒரகடத்தில் நிசான் மேக்னைட் தயாராகும் ஆலையும் உள்ளன. 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் இரண்டிலிருந்தும் வெளிவருகின்றன. வாகனச் சோதனைக்காக ஒன்றிய அரசின் நாட்ரிப் திட்டத்தில் அமைந்த ஆராய்ச்சி மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 93 விழுக்காட்டளவு எத்தனால் கொண்ட ‘எத்தனால் 100’ எரிபொருள் 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களின் தேர்ந்த நிலையங்களில் அறிமுகமானது. பிரேசிலில் ஹூண்டாயின் 1.0 லிட்டர் டர்போ பொறி பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் வகையில் ஏற்கெனவே விற்கப்படுகிறது.

வெப்பநிலை குறைவதன் காரணம்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எடையில் 1.6 மடங்கு எத்தனால் தெளிக்க வேண்டும். ஆவியாகும்போது ஒவ்வொரு கிலோவும் உறிஞ்சும் வெப்பமும் பெட்ரோலைப்போல் இரண்டரை மடங்கு. இரண்டையும் பெருக்கினால் குளிர்விக்கும் ஆற்றல் சுமார் நான்கு மடங்காகிறது. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தெளிக்கும் பொறிகளில் இதன் பயன் பெரும்பாலும் காற்றுக்கே போய்ச் சேரும். ஆக்டேன் எண் உயர்வு என்பதால் தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கலாம். எரிதல் முன்பே முடிவதால் வெளியேறும் வாயு மேலும் குளிர்கிறது.

அளவீடு

கே வகை வெப்ப மின்னிரட்டையே (தெர்மோகப்பிள்) இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. சுழலியைக் காக்க வேண்டுமானால் அதை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டு கிளைகள் கூடும் இடத்தில் பொருத்த வேண்டும். சுழலிக்குப் பின்னால் பொருத்துவது எளிது. ஆனால் வாயு அங்கே ஆற்றலை இழந்துவிடுவதால், முழுச்சுமையில் 100 °C அல்லது அதற்கும் மேல் குறைத்துக் காட்டும். சிலிண்டர்தோறும் ஒன்று பொருத்துவதே சிறந்தது. ஒரு தெளிப்பான் அடைத்தால் கூடுமிடத்தின் சராசரியில் அது மறைந்துபோகும். பெரும்பாலான சிறு பெட்ரோல் கார்களில் இவ்வுணரி இருப்பதில்லை. சோதனைக்கூடத்தில் அளந்து பதித்த தரவைக் கொண்டு ஈ.சி.யூ. கணினி வெப்பநிலையைக் கணக்கிட்டுக்கொள்கிறது. ஆகவே பெட்ரோலுக்குப் பதித்த காரில் 93 விழுக்காட்டு எத்தனாலை ஊற்றினால், அந்தக் கணக்கை நம்ப முடியாது.

எண்ணை வாசித்தல்

காற்றும் எரிபொருளும் சரிவிகிதத்தில் இருக்கும் நிலைக்கு அருகில் வெப்பநிலை உச்சம் தொடும். எரிபொருள் கூடினாலும் இறங்கும், குறைந்தாலும் இறங்கும். எனவே 800 °C என்ற எண், கலவை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சொல்லாது. எத்தனாலோ தொட்டியில் படிந்த பழைய கசடைக் கிளப்பி வடிகட்டியை அடைக்கக்கூடியது. பெட்ரோலுக்கான பம்பும் தெளிப்பானும் கூடுதல் தேவைக்கு ஈடுகொடுக்காமலும் போகலாம். முழுச்சுமையில் எரிபொருள் பற்றாமல் கலவை மெலிந்தாலும், பெட்ரோலுக்குரிய அபாய எண்ணை முள் எட்டாதிருக்கலாம்.

இதைவிட மோசமானது முன்கூட்டிய எரிதல். நாக்கிங்கை நன்கு தாங்கும் எத்தனால், செம்மையாகக் காய்ந்த ஸ்பார்க் பிளக் முனையில் பட்டுத் தானே பற்றிக்கொள்வதில் பெட்ரோலைவிட முந்தக்கூடியது. அப்போது வெப்பம் பிஸ்டனுக்குள் இறங்குகிறது. புகைவாயு வெப்பநிலையோ குறைகிறது. பிஸ்டன் உருகும் தறுவாயில் அளவி நிம்மதியைக் காட்டும். குளிர்வகை பிளக் பொருத்துவதும் நாக் உணரியைக் கவனிப்பதுமே இதற்கு மருந்து.

அதனால் வெப்பநிலையை ஆக்சிசன் உணரியின் லாம்டா அளவோடு சேர்த்தே வாசிக்கிறார்கள். லாம்டா 1 என்பது எந்த எரிபொருளுக்கும் சரிவிகிதமே. பெட்ரோல் அளவுகோலிட்ட அளவி எத்தனாலிலும் 14.7 என்றே காட்டும். உள்ளே உண்மை விகிதம் 9தான். முழுச்சுமையில் நிலையாக ஓட்டி, நல்ல நிலையிலுள்ள பொறியின் எண்களை முதலில் எத்தனாலிலேயே குறித்துவைத்து, பிறகு 30 அல்லது 40 °C விலகினாலும் காரணம் தேடுவது நல்ல வழக்கம். விலகல் மேலே போனாலும் கீழே போனாலும் தேட வேண்டும்.