நடுவட்டத்துக் காற்றும் சைலன்சரும்

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள நடுவட்டம் சின்கோனாத் தோட்டங்களால் அறியப்பட்ட ஊர். அங்குக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்பதால், சைலன்சரை மாற்றிய மோட்டார் சைக்கிளின் குணத்தை அறிவதற்கும் அவ்வூர் ஏற்ற இடமாகிறது.

எரிந்த வாயு வெளியேறும்போது குழாயும் சைலன்சரும் தரும் எதிர்ப்பே பின்னழுத்தம் எனப்படுகிறது. அது இல்லாவிட்டால் வண்டியில் இழுவை இருக்காது என்று பட்டறைகளில் கூறப்படுவது பாதி உண்மைகூட அன்று. வெளியேற்று வால்வு திறந்ததும் குழாயில் பாயும் அழுத்த அலை, குழாய் விரிவடையும் இடத்தையோ அதன் முனையையோ அடைந்ததும் உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது. இரு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும் நொடிப்பகுதியில் அது வந்துசேர்ந்தால், எஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதிய கலவைக்கு இடம் தருகிறது. ஒரு குறிப்பிட்ட வேக வரம்பில் மட்டுமே இவ்வாறு நேரம் பொருந்துமாதலால், குழாயின் நீளமோ விட்டமோ மாறும்போது குறைந்த வேகத்து இழுவை போய்விடுகிறது. பழி பின்னழுத்தத்தின்மீது விழுகிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இவ்வலையின் பங்கு இன்னும் பெரிது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. தடையற்ற சைலன்சரால் காற்றோட்டம் மாறும்போது, பழைய சைலன்சருக்கென அளந்து துளையிட்ட கார்புரேட்டர் ஜெட் அதற்கு ஈடான பெட்ரோலைத் தருவதில்லை; பெட்ரோல் குறைந்த அந்த வறிய கலவையில் எஞ்சின் அதிகம் சூடேறுகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் எரியாமல் தப்பிய கலவை சூடான சைலன்சருக்குள் வெடிப்பதே, இளைஞர் பலர் வலிமையின் முழக்கமென்று மகிழும் அந்தப் படபடப்பு.

உயரம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கார்புரேட்டர் காற்றை எடைபோடுவதில்லை. காற்று பாயும்போது ஏற்படும் அழுத்தக் குறைவுக்கேற்பப் பெட்ரோலை விடுவதால், மெலிந்த காற்றில் கலவை ஏறத்தாழ பத்து விழுக்காடு செறிவடைகிறது. சமவெளியில் பெரிய ஜெட் போட்டுச் சரிசெய்த வண்டி நடுவட்டத்தில் ஸ்பார்க் பிளக்கில் கரி படியவிட்டுத் திணறும். நடுவட்டத்தில் சரிசெய்ததோ, இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்ந்து கூடலூரை அடையும்போது வறிய பக்கம் சாய்ந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டே இறங்கவேண்டிய அவ்வழியின் கொண்டை ஊசி வளைவுகளில் படபடப்பும் கூடும். ஆகவே பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜெட்டைத் தேர்பவர், வண்டி பெரும்பாலும் எந்த உயரத்தில் ஓடும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் பரவலான எரிபொருள் ஊசி அமைப்பு காற்றழுத்தத்தை உணர்ந்து உயரத்துக்கேற்பப் பெட்ரோலைத் தானே குறைக்கிறது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் சிறு பிழைகளைத் திருத்துகிறது. ஆனால் முழு வேகத்தில் அத்திருத்தம் பெரும்பாலும் நின்று, தொழிற்சாலையில் பதித்த அட்டவணையே ஆள்வதால், பெரிய மாற்றத்தை அது ஈடுசெய்யாது. புதிய குழாய் எஞ்சினோடு இணையும் இடத்தில் கசிவு இருந்தாலோ, அதன்வழி நுழையும் வெளிக்காற்றைக் கண்டு கலவை வறியதென்று சென்சார் தவறாகக் கணித்து, தேவையில்லாத பெட்ரோலை ஊற்ற வைத்துவிடும்.