தாழ்ப்பாளைப் பற்றி ஒரு பேச்சு

பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போய் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். காமராசரைப் பற்றிப் பேச வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வணங்குகிறார்கள், ஒரே இடத்தில் குரலை உயர்த்துகிறார்கள், மதிய உணவு என்றதும் ஒரே மாதிரி கையை விரிக்கிறார்கள். நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் பிள்ளையின் கண் மேலே போகும். அரங்கின் ஓரத்தில் நிற்கும் ஆசிரியரின் உதடு அசையும். அதைப் பார்த்து வரியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மறுபடி ஓடும். பேச்சை எழுதியவர் தமிழாசிரியர், இல்லையென்றால் வீட்டில் அப்பாவோ அக்காவோ. பிள்ளை செய்தது மனப்பாடம்.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. அதில் குரல் திறக்கிறது, லகரமும் ழகரமும் திருந்துகின்றன, கூட்டத்தைப் பார்த்துக் கால் நடுங்குவது நிற்கிறது. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியாக 2,000 ரூபாய் சிறப்புப் பரிசும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தப் பணமும் சான்றிதழும் சின்ன விஷயமா? ஆனால் அந்த மேடையில் எந்தக் கட்டத்திலும், "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று யாரும் பிள்ளையைக் கேட்பதில்லை. என் மனக்குறை அதுதான்.

பெரியாரைப் பற்றிய போட்டியிலும் இதே மனப்பாடம் நடப்பதைப் பார்க்கும்போது மனம் இன்னும் சங்கடப்படுகிறது. எதுகை மோனை தேடாமல், வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல மணிக்கணக்கில் மேடையில் பேசியவர் அவர். நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதீர்கள், சொந்த அறிவைக் கேட்டு முடிவெடுங்கள் என்பதைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் வற்புறுத்தினார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் இலக்கிய மன்ற விழாவுக்கு அழைத்திருந்தார்கள். முதல் நாள் தமிழாசிரியை தொலைபேசியில் பேசினார். "இந்த வருஷம் தலைப்பு நாங்க குடுக்கல சார். பிள்ளைங்களே கொண்டு வருவாங்க. அவங்க கண்ணால பார்த்த விஷயமா இருக்கணும், கையில தாள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சொல்லியிருக்கேன்."

தொடக்கம் நன்றாக இல்லை. முதலில் வந்த நான்கு பேரும் அரை நிமிடத்தில் நன்றி சொல்லி இறங்கிவிட்டார்கள். எழுதிக் கொடுத்ததையே சொல்லிப் பழகிய வாய்க்குச் சொந்த வாக்கியம் சட்டென்று வருவதில்லை. ஐந்தாவதாக ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். அவன் ஊர் வழியாக வரும் டவுன் பஸ் எட்டே முக்காலுக்கு வருகிறது. அது எட்டரைக்கு வந்தால் அந்த ஊரிலிருந்து வரும் பதினோரு பேரும் காலைப் பிரார்த்தனைக்குச் சரியாக நிற்பார்கள். "பஸ்ஸு லேட்டா வருது, வெளியில நாங்க நிக்கிறோம்" என்றான். அரங்கு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொல்லி முடித்துவிட்டு இறங்கினான்.

பிறகு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. 'அவையோர்க்கு வணக்கம்' வரை மேடைத்தமிழ். அதற்கு மேல் வீட்டுத்தமிழ்தான். "பொண்ணுங்க பாத்ரூம்ல நாலு கதவு இருக்கு. ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளியில கதவைப் புடிச்சிக்கிட்டு நிக்கணும். புடிக்க ஆள் இல்லாத அன்னைக்கு நான் காலையிலிருந்து தண்ணி குடிக்கிறதில்ல." இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேற்கோள் இல்லை, கதை இல்லை. மேடையில் இருந்த தலைமையாசிரியர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

அவளுக்குத்தான் முதல் பரிசு என்றேன். உடன் இருந்த நடுவர் ஒப்பவில்லை. நடை இல்லை, நல்ல தமிழ் இல்லை, பொதுமேடையில் பேசக்கூடிய விஷயமும் இல்லை என்றார். கால் மணி நேரம் வாதாடினோம். கடைசியில் அவளுக்கு இரண்டாம் பரிசு. அந்த முடிவுக்கு ஒப்புக்கொண்டதை இன்றைக்கும் தவறு என்றே நினைக்கிறேன். அடுத்த வாரமே தச்சர் வந்து இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டார் என்று தமிழாசிரியை பிறகு சொன்னார்.

திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய மூன்று அதிகாரங்களும் பொருட்பாலில், அமைச்சனைப் பற்றிய பகுதியில் இருக்கின்றன. வினைத்தூய்மையும் வினைத்திட்பமும் அதே வரிசையில்தான் வருகின்றன. பேச்சை வள்ளுவர் காரியத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவையில் எழுந்து நின்று, நடக்க வேண்டியதைச் சொல்லி, அதை நடக்க வைப்பது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அன்றைக்குச் செய்ததும் அதுவே.

சொந்தத் தெருவைப் பார்த்துப் பிறக்கும் யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் இருக்கிறார். இஸ்திரி போடுபவர் கரியை எரித்து, மீந்ததைத் தெருவோரம் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசியபோது அவர் பள்ளி மாணவி. அந்தத் தள்ளுவண்டியைப் போல ஒன்று நம் ஒவ்வொரு தெருவிலும் நிற்கிறது. அதைப் பற்றி யோசித்த பிள்ளைக்குப் பேச இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இடம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 2018 முதல் வந்த தமிழ்ப் பாடநூல்களில், ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்தால், 'மொழியை ஆள்வோம்' பகுதியில் 'கீழ்க்காணும் தலைப்பில் இரண்டு நிமிடம் பேசுக' என்று அச்சிட்டிருக்கிறார்கள். எத்தனை வகுப்பில் அந்த இரண்டு நிமிடம் நடக்கிறது? பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே போய்விடுகிறது. மதிப்பெண் இல்லாத பகுதியைத் தாண்டிப் போவதற்காக ஆசிரியரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாடத்தை முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே எண்பது நிமிடம், இரண்டு பாடவேளை.

இன்னொரு தயக்கமும் உண்டு, அதை வெளியே சொல்வதில்லை. பிள்ளை தன் மனதில் இருப்பதைப் பேசினால் பள்ளியைப் பற்றிப் பேசும், வீட்டைப் பற்றிப் பேசும், நம்மைப் பற்றியும் பேசும். காமராசரைப் பற்றிய பேச்சைக் கேட்டபின் கைதட்டினால் போதும். தாழ்ப்பாளைப் பற்றிய பேச்சைக் கேட்டால் தச்சரைக் கூப்பிட வேண்டும். அந்தத் தலைமையாசிரியர் கூப்பிட்டார். பேசிய பிள்ளையை அறைக்கு வரவழைத்து, 'இதையெல்லாமா மேடையில் சொல்வது?' என்று கேட்டிருந்தால், அந்தப் பள்ளியில் அதன்பிறகு ஒரு பிள்ளையும் வாய் திறந்திருக்காது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளை, முறை வைத்துப் பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம். எழுதிக் கொடுக்காதீர்கள். நடுவில் திருத்தாதீர்கள். பேச்சுத்தமிழில் பேசினால் பேசட்டும். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் சொன்னவற்றில் பள்ளியால் செய்ய முடிந்தது ஏதாவது இருந்தால், அடுத்த வாரம் அந்த வகுப்பு தொடங்குவதற்குள் அதைச் செய்துவிடுங்கள்.