வீட்டில் பிறந்த எந்திர ஆமை!

பசித்தால் கூட்டுக்கு ஓடும். கண்ணாடி முன் நடனம் ஆடும்!

விளக்கைக் கண்டால் அதை நோக்கி நடக்கும். சுவரில் முட்டினால் விலகி வேறு வழி தேடும். பசி எடுத்தால் தன் கூட்டுக்குத் திரும்பும்.

ஆனால் அதற்கு உயிர் கிடையாது!

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில், ஒரு டாக்டர் வீட்டில் இந்த ஆமைகள் உலாவின. ஒன்றின் பெயர் எல்மர். மற்றொன்றின் பெயர் எல்சி. ஆண்டு 1949.

"தானாக நடந்துகொள்ளும் எந்திரம்" என்று இன்று உலகமே பேசுகிறது. அந்த வழியில் முதலில் நடந்தவை இந்த இரண்டு ஆமைகள்தான் என்று சொல்லலாம்.

மூளை விஞ்ஞானி

ஆமைகளைச் செய்தவர் பெயர் கிரே வால்ட்டர். அமெரிக்காவில் 1910-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார்.

அவர் மூளையை ஆராய்ந்த விஞ்ஞானி. மூளைக்குள் எப்போதும் மிக மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டு இருக்கிறது. அதை அலை அலையாகத் தாளில் எழுதிக் காட்டும் கருவி உண்டு. அந்தக் கருவியைக் கொண்டு, மூளையில் கட்டி இருக்கும் இடத்தை 1936-ல் அவர் கண்டுபிடித்துச் சொன்னார். மண்டையைத் திறக்காமலே!

ஒரு கேள்வி அவரை விடவில்லை.

மனித மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் இருக்கின்றன. (சுமார் 8,600 கோடி என்று இப்போது கணக்கிட்டு இருக்கிறார்கள்.) இத்தனை அணுக்கள் இருப்பதால்தான் நமக்கு அறிவு வந்ததா? அல்லது, அந்த அணுக்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும் விதத்தில்தான் ரகசியம் இருக்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ள என்ன வழி?

"இரண்டே இரண்டு அணுக்கள் உள்ள மூளையைச் செய்து பார்த்துவிடுவோம்" என்று துணிந்தார் வால்ட்டர்.

பழைய கடிகாரச் சக்கரங்கள்

ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே வேலை நடந்தது. அவருடைய மனைவி விவியன் டவேயும் மூளை ஆராய்ச்சியில் அவருடன் பணி புரிந்தவர். 1948-ல் தொடங்கிய வேலை 1949-ல் முடிந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகி இருந்தன. புதுச்சாமான் கிடைப்பது அரிது. கழித்துப் போட்ட பொருள்களே கை கொடுத்தன. பழைய கடிகாரங்களில் இருந்து பற்சக்கரங்களைக் கழற்றி எடுத்தார்கள்.

ஆமைக்கு மூன்று சக்கரங்கள். இரண்டு மோட்டார்கள். ஒரு பாட்டரி. வெளிச்சத்தை உணரும் ஒரு கண். தலையில் சிறு விளக்கு. மேலே ஓடு.

"மூளை"க்கு ரேடியோவில் இருக்குமே, அந்த வால்வுகள் இரண்டு! அவைதான் இரண்டு அணுக்கள்.

எப்படி நடந்தது?

ஒரு மோட்டார் ஆமையை நகர்த்தும். மற்றொரு மோட்டார் முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதனுடன் கண்ணும் சுழலும். இருட்டில் ஆமை இப்படி வளைந்து வளைந்து தேடித் திரியும்.

வெளிச்சம் கண்ணில் பட்டால், உடனே திரும்புவது நின்றுவிடும். ஆமை நேராக வெளிச்சத்தை நோக்கிப் போகும். மிக அருகில் சென்று கண் கூசினால், மறுபடியும் சக்கரம் திரும்பும். ஆமை விலகிவிடும்.

எதிலாவது மோதினால் ஓடு சற்று அசையும். அது ஒரு மின் இணைப்பைத் தொடும். அப்போது ஆமை வெளிச்சத்தை மறந்துவிடும். ஒரு முறை தள்ளும். ஒரு முறை திரும்பும். இப்படியே தடையைத் தாண்டிவிடும்.

பசி!

எல்லாவற்றையும் விட அதிசயம், ஆமையின் பசிதான்.

அதற்கு ஒரு கூடு கட்டினார் வால்ட்டர். உள்ளே பளிச்சென்று ஒரு விளக்கு. பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி.

பாட்டரி நிறைந்து இருக்கும்போது கூட்டின் வெளிச்சம் ஆமைக்குக் கண் கூசும். அருகில் வந்ததும் விலகிப் போய்விடும். பாட்டரி தேயத்தேய, கண்ணின் கூர்மையும் குறையும். அப்போது அதே வெளிச்சம் கூசாது. ஆமை நேரே கூட்டுக்குள் புகும். மின்சாரம் "சாப்பிடும்". வயிறு நிறைந்ததும் வெளிச்சம் மறுபடி கூசும். வெளியே வந்துவிடும்!

"வீட்டுக்குப் போ" என்று யாரும் உத்தரவு போடவில்லை.

கண்ணாடி முன் நடனம்

ஆமையின் தலை விளக்கு, வழி தேடும்போது எரியும். வெளிச்சத்தைக் கண்டால் அணைந்துவிடும். அதைக் கண்ணாடி முன் விட்டார்கள்.

கண்ணாடியில் தன் விளக்கையே அது பார்த்தது. உடனே விளக்கு அணைந்தது. வெளிச்சம் மறைந்ததும் மீண்டும் எரிந்தது. மறுபடி அணைந்தது. மினுக்கி மினுக்கி, நெளிந்து நெளிந்து, கண்ணாடி முன் ஆமை நடனம் ஆடியது!

ஒரு பிராணி இப்படிச் செய்திருந்தால், "தன்னைத் தானே தெரிந்துகொண்டது" என்று சொல்லி இருப்போம். ஆமையோ இரண்டு வால்வுப் பெட்டி. அப்படியானால் அறிவு என்பதுதான் என்ன? வால்ட்டர் உலகுக்கு விடுத்த கேள்வி இதுதான்.

விபத்து

1951-ல் லண்டன் பொருட்காட்சியில் புதிய ஆமைகளை மக்கள் பார்த்து வியந்தார்கள். 1953-ல் "உயிருள்ள மூளை" என்னும் பொருள்படும் தலைப்பில் வால்ட்டர் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

1970-ல் விதி விளையாடியது. ஸ்கூட்டரில் சென்ற வால்ட்டர் விபத்தில் சிக்கினார். தலையில் பலத்த அடி. வாழ்நாள் முழுவதும் மூளையை ஆராய்ந்தவருக்கு, மூளையிலேயே காயம்! பழைய வால்ட்டராக அவர் மீளவில்லை. 1977-ல் காலமானார்.

அவர் ஆமைகளில் ஒன்று லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஒரு பையன்

ஆமையின் கதை அத்துடன் முடியவில்லை.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் ரோட்னி புரூக்ஸ் என்ற பையன் இருந்தான். வால்ட்டரின் புத்தகம் அவன் கைக்குக் கிடைத்தது. படித்தான். "நானும் செய்வேன்" என்று வீட்டில் உட்கார்ந்தான். வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டு ஓர் ஆமையைச் செய்தான். அதற்கு "நார்மன்" என்று பெயர் வைத்தான். நார்மன் தரையில் ஓடியது. வெளிச்சத்தைத் தேடியது.

அந்தப் பையன் பிற்காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். 1990-ல் இரண்டு பேருடன் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். அது 2002-ல் வீடு பெருக்கும் எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ரூம்பா. சுவரில் முட்டினால் திரும்பும். பின்னர் வந்த ரூம்பாக்கள், பாட்டரி குறைந்தால் தாமே மின்சாரம் ஏற்றும் இடத்துக்குத் திரும்பின.

எல்சியின் கூடு நினைவுக்கு வருகிறது அல்லவா?

நீங்களும் செய்யலாம்

இன்று இதற்கு வால்வு தேவை இல்லை. சிறு வண்டி, இரண்டு மோட்டார், வெளிச்சத்தை உணரும் இரண்டு "கண்கள்", அவற்றை இணைக்கும் சிறு மின்சுற்று, பாட்டரி இருந்தால் போதும்.

இடது கண்ணை இடது சக்கரத்துடனும், வலது கண்ணை வலது சக்கரத்துடனும் இணையுங்கள். எந்தக் கண்ணில் அதிக வெளிச்சம் படுகிறதோ, அந்தப் பக்கச் சக்கரம் வேகமாகச் சுற்றும். வண்டி விளக்கைக் கண்டு விலகி ஓடும். "பயந்தாங்கொள்ளி!" என்று குழந்தைகள் சிரிப்பார்கள்.

இப்போது கம்பிகளைக் குறுக்காக மாற்றுங்கள். அதே வண்டி விளக்கை நோக்கிச் சீறிப் பாயும். "கோபக்காரன்!" என்பார்கள்.

பயமும் கோபமும் எங்கே இருந்து வந்தன? கம்பியை மாற்றியது தவிர, வண்டியில் வேறு எதையும் நாம் சேர்க்கவில்லை. 1984-ல் இத்தகைய வண்டிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் வாலன்டினோ பிரைட்டன்பர்க். அவரும் ஒரு மூளை விஞ்ஞானி!

பழைய கடிகாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ உட்கார்ந்து இருந்தால், உடனே திட்டிவிடாதீர்கள். என்ன செய்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்சி பிறந்ததும் அப்படித்தான்!