இன்னொரு மாடு வாங்குவதற்கு முன்னால் பத்து சென்ட் புல்

சொசைட்டியில் பால் பணம் வாங்கிய கையோடு நேராகத் தீவனக் கடைக்குப் போகிறவரா நீங்க? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஒரு லிட்டர் பால் உற்பத்திக்கு ஆகும் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடுகிறது. வருமானம் போதலைன்னு இன்னொரு மாடு வாங்கினால், பாலோடு சேர்ந்து தீவனக் கடை பாக்கியும் கூடும். அதைக் குறைக்கும் வழி உங்க சொந்த நிலத்திலேயே இருக்கு.

எவ்வளவு நிலம் வேணும்?

ஒரு கறவை மாட்டுக்குத் தினமும் சுமார் 25 கிலோ பசுந்தீவனம் தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நல்ல பாசனத்தில் பராமரித்தால், எக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் கிடைக்கும். இதில் மூன்றில் இரண்டு பங்கு விளைந்தாலே, ஒரு மாட்டுக்குப் பத்து சென்ட் தாராளம்.

நடுவது எப்படி?

தொழு உரம் போட்டு உழுது, 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடியுங்க. இரண்டு கணு உள்ள கரணைகளை 50 செ.மீ.க்கு ஒன்றாக நடுங்க. பத்து சென்ட்டுக்குச் சுமார் 1,350 கரணை பிடிக்கும். முதல் அறுவடை 75 முதல் 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நாளைத் தள்ளிப்போட்டால் தண்டு முற்றிப் புரதம் குறையும். மாடும் தண்டை ஒதுக்கிவிடும். தினம் ஒரு பகுதியாக வரிசையாக அறுத்து வந்தால், கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி மறுபடி தயாராக இருக்கும். அறுத்த புல்லை நறுக்கிப் போடுங்க, வீணாவது குறையும்.

புல் மட்டும் போதுமா?

போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், குதிரைமசால், அகத்தி போன்ற பயறுவகைத் தீவனம் கலக்கணும். புரதம் இதில்தான் அதிகம். வேலிமசாலை வரப்பிலேயே வளர்க்கலாம். வைக்கோலையும் நிறுத்தாதீங்க. அடர்தீவனத்தைப் பாலின் அளவு பார்த்துப் படிப்படியாகக் குறைக்கலாம். ஒரேயடியாக நிறுத்தினால் பாலும் குறையும், மாடும் மெலியும்.

கிணற்றில் தண்ணீர் இல்லையா?

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொரங்காடுகளைப் பாருங்க. கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். மழையை மட்டுமே நம்பிய இந்த மேய்ச்சல் நிலங்களில், ஒரு காட்டில் புல் குறைந்ததும் மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றி, முதல் காட்டைத் துளிர்க்க விடுவார்கள். மானாவாரி நிலம் உள்ளவர்கள் கொழுக்கட்டைப்புல்லையும் முயல்மசாலையும் கலந்து விதைக்கலாம்.

கவனம் தேவை

* இளம் சோளப் பயிரையும், மழையில்லாமல் வாடிய சோளத்தையும் மாடு மேயக் கூடாது. அதில் உள்ள நச்சு சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கலாம். பூத்த பிறகே அறுத்துப் போடுங்க.
* ஈரமான பயறுவகைத் தீவனத்தை வெறும் வயிற்றில் அதிகமாகக் கொடுத்தால் வயிறு உப்பும். வாட வைத்து, புல்லோடு கலந்து கொடுங்க.
* மாடு தள்ளாடினாலோ, மூச்சு வாங்கினாலோ, வயிறு உப்பினாலோ உடனே 1962-ஐ அழையுங்க. இது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண்.

யாரைக் கேட்பது?

கரணை, விதை, நடப்பு மானியத் திட்டங்கள் பற்றி உங்க ஊர்க் கால்நடை மருந்தகத்திலும், மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேளுங்க. கால்நடை வளர்ப்போருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. வங்கியிலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ விசாரிக்கலாம்.

பத்து சென்ட் யோசனையாக இருந்தால் இரண்டு சென்ட்டில் ஆரம்பிங்க. அடுத்த நடவுக்குக் கரணையை வெளியே வாங்க வேண்டியதில்லை. உங்க வயலிலேயே வெட்டிக்கலாம்.