மதிப்பெண்ணுக்கு மட்டுமா பிரெஞ்சு?

மேனிலை வகுப்பில் மதிப்பெண் மிகுதியாகக் கிடைக்கும் என்பதற்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சை எடுக்கும் வழக்கம் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நெடுங்காலமாக உண்டு. (தாய்மொழியை விலையாகக் கொடுத்துப் பெறும் மதிப்பெண் பெருமைக்குரியதா என்பது வேறு பேச்சு.) தேர்வு முடிந்ததும் புத்தகம் பரணுக்குப் போய்விடும். ஆனால், அம்மொழியையே பல்கலைக்கழகத்தில் பயில விரும்புவதாக மகள் சொன்னால், "அதைப் படித்து என்னம்மா செய்வாய்?" என்று வாப்பா கேட்கிறார்.

கேள்வி நியாயமானதே. பட்டம் மட்டும் வேலை தராது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள அலியான்ஸ் பிரான்சேசில் மொழியைப் படிப்படியாகக் கற்று, டெல்ஃப் தேர்வுகள் எழுதலாம். ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு படிகள். சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும். ஏ2 உடன் நிற்பவர் பாரிசில் வழி கேட்கலாம், மொழிபெயர்ப்பாளராக முடியாது. பி2 தேறி, கணக்கியலோ சட்டமோ உடன் அறிந்தவருக்கே நிறுவனங்களில் மதிப்பு. கல்லூரி ஆசிரியப் பணியை நாடுவோர் முதுகலையுடன் நெட் தேர்வையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நமக்கு இம்மொழி அந்நியமன்று. காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் பல பிரான்சில் வாழ்கின்றன. ஐதராபாத்தில் 1908இல் பிறந்த அறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ், பாரிசில் வாழ்ந்து 1959இல் திருக்குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். மொராக்கோ, துனீசியா, செனகல் நாடுகளில் வணிகத்துக்கும் உயர்கல்விக்கும் இன்றும் பிரெஞ்சு பயன்படுகிறது.

கல்லூரியில் சேர்க்குமுன் ஒன்றைக் கேட்டறியுங்கள்: அங்கே பிரெஞ்சு முதன்மைப் பாடமா, பகுதி ஒன்றில் வரும் மொழிப்பாடம் மட்டுமா?