சூடு எந்த இடத்தில் நிற்கிறது?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். “ஆன் பண்ணா நல்லாத்தான் ஓடுது சார். அரை மணி நேரத்துல பட்டுனு ஆஃப் ஆயிடுது. உடனே திரும்பப் போட்டா அஞ்சு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது.” இந்த மூன்று வாக்கியங்களிலேயே நோய் முக்கால்வாசி தெரிந்துவிடுகிறது. இருந்தும் பல இடங்களில் கிடைக்கும் பதில் “ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்” அல்லது “போர்டு போயிடுச்சு”. விண்டோஸை எத்தனை முறை புதிதாக ஏற்றினாலும் ஹீட் சிங்க்கில் அடைத்திருக்கும் தூசி அப்படியேதான் இருக்கும். சில நூறு ரூபாயில் தீரும் கோளாறுக்காக நல்ல கணினிகள் பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. அந்த மெஷினில்தான் வீட்டுப் பிள்ளை ஆன்லைன் வகுப்பு படித்திருக்கும்.

சூடு ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பிராசசருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகிறது. 65 வாட் உள்ளே போனால் 65 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். வாட் கணக்கில் இது பெரிய அளவில்லை. அது பிறக்கும் இடம்தான் மிகச் சிறியது. வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்று வைத்துக்கொண்டால், அதன் அடித்தட்டு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். பிராசசரின் சிலிக்கான் சில்லு பெரும்பாலும் ஒன்றரை சதுர சென்டிமீட்டர்தான். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட்டுக்கு மேல். துணி தேய்க்கும் தகட்டைவிட எட்டு மடங்கு நெருக்கமான சூடு, விரல் நகம் அளவு இடத்தில்.

முன்பு நிலைமை இப்படி இல்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்தால், ஒரே பரப்பில் எத்தனை அடைத்தாலும் சூடு கூடாது என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் சகாக்களும் 1974இல் காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் இந்தத் துறை அந்த விதியின் மேல்தான் ஓடியது. ஒரு கட்டத்துக்குக் கீழே மின்னழுத்தத்தை இறக்க முடியாமல் போனது. அணைத்து வைத்த டிரான்சிஸ்டர்கூட மின்சாரத்தைக் கசியவிட்டது. இப்படியே போனால் சில்லின் சூட்டு நெருக்கம் அணு உலையையும் ராக்கெட் முனையையும் எட்டும் என்று இன்டெலின் பாட் கெல்சிங்கர் 2001இல் ஒரு மாநாட்டில் எச்சரித்தார். 2004இல் இன்டெல் தன் அடுத்த அதிவேக பிராசசர் திட்டமான தேஜாஸைக் கைவிட்டது. இரட்டை கோர், நான்கு கோர் என்று பாதை மாறியதற்குச் சூடு ஒரு முக்கியக் காரணம்.

அதே 2001இல் நடந்த ஒரு சோதனை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. டாம்ஸ் ஹார்டுவேர் என்ற கணினி இதழ் ‘குவேக்’ விளையாட்டை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் மேலிருந்த ஹீட் சிங்க்கைக் கழற்றிப் படம் பிடித்தது. ஏ.எம்.டி. அத்லான் கண் இமைக்கும் நேரத்தில் புகைந்து செத்தது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. அந்தப் படம் உலகம் சுற்றியது. பிராசசருக்குள்ளேயே பாதுகாப்பு இருந்தாக வேண்டும் என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இன்றைய பிராசசர்களில் இந்தப் பாதுகாப்பு இரண்டு படிகளாக வேலை செய்கிறது. சில்லின் உள்ளேயே வெப்ப உணரிகள் இருக்கின்றன. பல இன்டெல் பிராசசர்களில் 100 டிகிரியைத் தொட்டதும் முதல் படி: வேகம் தானாகக் குறையும். அப்போதும் சூடு அடங்காமல் ஏறினால் இரண்டாவது படி: “மின்சாரத்தை நிறுத்து” என்று பிராசசர் மதர்போர்டுக்கு நேராகக் கம்பி வழியே சைகை தரும். விண்டோஸிடமோ லினக்ஸிடமோ அனுமதி கேட்பதில்லை. அதனால்தான் நீலத் திரையும் வருவதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த வரி பாதியில் நிற்கத் திரை கறுத்துவிடுகிறது. அடுத்த முறை ஆன் செய்து விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு இருக்கும். மெஷின் முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அதில் பெரும்பாலும் வேறு விவரம் இருக்காது. பலர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் தேடுகிறார்கள். அது காரணத்தைச் சொல்லும் பதிவே இல்லை.

ஆக, தானாக அணைவது பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் செயல். சில்லில் பிறந்த சூடு அறைக் காற்றுக்கு வந்து சேரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. சில்லு, அதன் மேல் பூசிய பேஸ்ட், ஹீட் சிங்க், ஃபேன், பெட்டியைவிட்டு வெளியேறும் காற்று என்று அந்த வழி குறுகியதுதான். எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

அதற்கு முதலில் எண் வேண்டும். கோர் டெம்ப், ஹெச்.டபிள்யூ. மானிட்டர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘சென்சார்ஸ்’ கட்டளை போதும். மெஷின் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் பயாஸ் திரையிலேயே வெப்பநிலை தெரியும். எண்ணைப் பார்க்கும்போது அறையின் சூட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஹீட் சிங்க்கும் ஃபேனும் சேர்ந்து, அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் சில்லை நிறுத்த முடியும். அறைச் சூட்டுக்குக் கீழே அவற்றால் போக முடியாது. மார்கழியில் 26 டிகிரி அறையில் 86இல் ஓடிய பிராசசர், மே மாத மதியம் 39 டிகிரி மாடி அறையில் 99க்குப் போகும். சூடேற ஏற மின்கசிவும் கூடுவதால் உண்மையில் அதற்கும் சற்று மேலேயே போகும். கோளாறு மார்கழியிலேயே உள்ளே இருந்தது. மே மாதம் அதை வெளியே கொண்டுவருகிறது.

அடுத்து, வேண்டுமென்றே பிராசசருக்கு வேலை கொடுத்துவிட்டு எண் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். மெக்கானிக்குகள் இதற்கு வெகுகாலமாகப் பயன்படுத்துவது பிரைம்95. மிகப்பெரிய பகா எண்களைத் தேடும் திட்டம் ஒன்று 1996இல் தொடங்கியது. அதற்காக எழுதப்பட்ட மென்பொருள் இது. பிராசசரை இடைவிடாமல் பிழிவதால் சூட்டுச் சோதனைக்கும் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், எண் ஏறும் வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். சில்லு மிகச் சிறியது. சூடு வெளியேற வழியில்லை என்றால் ஓரிரு நொடியில் 45இலிருந்து 95க்குத் தாவும். ஹீட் சிங்க் கனமான உலோகம். அது நிறைய நிமிடங்கள் எடுத்துத்தான் சூடேறும். ஆகவே எண் ஒரே தாவாகத் தாவினால் சில்லுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையில் தொடர்பு அறுந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் மெதுவாக ஏறி உச்சிக்கு வந்தால், சூடு ஹீட் சிங்க் வரை ஒழுங்காக வருகிறது, காற்றுதான் அதை எடுத்துப் போகவில்லை.

கையாலும் இதை உறுதி செய்யலாம். மெஷின் அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து ஹீட் சிங்க்கின் அடிப்பகுதியைப் பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள். மென்பொருள் 100 டிகிரி காட்டியிருக்க, உலோகம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சூடு அங்கே வந்து சேரவேயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் தூசியையும் ஃபேனையும் பாருங்கள்.

தொடர்பு அறுவதற்குப் பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டுதான் காரணம். இன்டெல் பிராசசரோடு பெட்டியில் வந்த வட்டமான ஹீட் சிங்க்கை 2004இலிருந்து பல ஆண்டுகள் நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் போர்டில் பிடித்து வைத்திருந்தன. கறுப்புத் தலை, அதன் கீழே இரண்டாகப் பிளந்த வெள்ளைக் கால். காலைத் துளைக்குள் அழுத்தித் தலையை அமுக்கினால், பிளந்த கால் விரிந்து போர்டின் அடியில் மாட்டிக்கொள்ளும். வருடக்கணக்கான சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்துப் போகிறது. நாலில் ஒன்று விட்டுவிட்டாலே ஹீட் சிங்க் ஒரு பக்கம் மயிரிழை அளவு தூக்கிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும், ஃபேனும் சுற்றும். நாலு மூலையையும் விரலால் ஆட்டிப் பார்த்தால்தான் எது துள்ளுகிறது என்று தெரியும். பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வீடு மாறிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பின் சரியாக இருந்தால் பேஸ்ட். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளும் நுண்ணிய மேடு பள்ளம் நிறைந்தவை. இடையில் காற்று நிற்கும். தாமிரம் காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது என்றால், அந்த மெல்லிய காற்றுப் படலம் எவ்வளவு பெரிய தடை என்று புரியும். பேஸ்டின் வேலை அந்தக் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. உலோகத்தோடு ஒப்பிட்டால் பேஸ்ட்டும் மட்டமான கடத்திதான், அதனால் தடிமனாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். காய்ந்து பொடியாக உதிரும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு வைத்து ஹீட் சிங்க்கை நேராக அழுத்துங்கள், அதுவே பரவிக்கொள்ளும். கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகை பிராசசர்களில், காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு ஹீட் சிங்க்கோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து அடியில் உள்ள கால்கள் வளையும். சிறிது நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் மெஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெதுவாக இடவலமாகத் திருகித் தூக்க வேண்டும்.

தூசி விஷயத்தில் மக்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். ஃபேன் இறக்கைகளைத் துடைத்துவிட்டுச் சுத்தம் செய்ததாக நினைக்கிறார்கள். தூசி சேர்வது ஃபேனுக்குக் கீழே, அலுமினியத் தகடுகளின் வாயில். ஃபேனைக் கழற்றினால்தான் அந்தச் சாம்பல் நிறப் படலம் தெரியும். விரலால் ஓரத்தைப் பிடித்து உரித்தால் ஒரே துண்டாக வரும். சமையலறைக்குப் பக்கத்தில் மெஷின் இருந்தால் தாளிப்புப் புகையின் எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுப்பாக இருக்கும்; அதற்குப் புளோயர் போதாது, மென்மையான பிரஷ் வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் நிறுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் கெட்டுப்போகும்.

பெட்டியையும் மறக்கக் கூடாது. 100 வாட் வெப்பத்தை, காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறும்படி வெளியே கொண்டுபோக நொடிக்கு 8 லிட்டருக்கு மேல் காற்று தேவை. கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்த் தட்டில், மூன்று பக்கம் பலகை, பின்னால் சுவர் என்று அடைத்து வைத்தால், வெளியேறிய வெந்த காற்றே திரும்ப உள்ளே போகும். பக்கக் கதவைத் திறந்து டேபிள் ஃபேனை எதிரே வையுங்கள். வெப்பநிலை சட்டென்று பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கினால் குற்றம் பெட்டியின் காற்றோட்டத்தில்தான். இதை நிரந்தர வைத்தியமாக்கினால் தூசி இன்னும் வேகமாக ஏறும். பின்பக்க ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். தலைகீழாக மாட்டிய ஃபேன்கள் ஊரில் நிறைய உண்டு.

லேப்டாப்பிலும் கதை இதேதான், இடம்தான் குறுகல். அங்கே தட்டையான தாமிரக் குழாய் ஒன்று சூட்டைச் சில்லிலிருந்து ஓரத்து ஃபேன் வரை கொண்டுபோகிறது. குழாய்க்குள் காற்றை நீக்கிவிட்டுத் துளி நீர் விட்டிருப்பார்கள்; அழுத்தம் குறைவு என்பதால் நீர் வெகு சீக்கிரம் ஆவியாகி மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து திரும்பும். 1963இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய வெப்பக் குழாயின் வழித்தோன்றல் அது. மெத்தை மேல் வைத்து அடிப்பக்க ஓட்டைகளை அடைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 விழுக்காடாக மாற்றினால் பல லேப்டாப்களில் வேகத்தைத் தானாகக் கூட்டும் ‘டர்போ’ நின்றுவிடும். செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் சூடு நிறையக் குறையும். கோடைக்கு நல்ல உபாயம்.

இத்தனையும் பார்த்து, பிராசசர் 70 டிகிரியைத் தாண்டாமலேயே மெஷின் அணைகிறதா? அப்படியென்றால் பிராசசரின் சூட்டை விட்டுவிட்டு மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் எண்ணையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு யுபிஎஸ்ஸை விலக்கிச் சுவர் பிளக்கில் நேராக ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ், மின்சாரம் ஒரு கணம் சிமிட்டினாலே கைவிட்டுவிடும். கனமான விளையாட்டைத் தொடங்கிய அதே நொடியில், சூடேற நேரமே இல்லாதபோது அணைந்தால் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிதான் முதல் சந்தேகம். மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைக் கெபாசிட்டர்களின் தலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள்: தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியோ, மேலே கீறிய கோட்டில் பழுப்புக் கசிவோ இருந்தால் அவற்றை மாற்ற வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் அதற்குள் 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாகிக் கெபாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கக்கூடும். நன்றாக ஓடும் வேறொரு கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும்.