மஞ்சட் கறையும் வெயிலும்

வேட்டியிற் சிந்திய கறியின் மஞ்சட் கறையைச் சவர்க்காரம் எளிதிற் போக்குவதில்லை. சவர்க்காரத்தின் காரம் பட்டதும் கறை செந்நிறமாகித் துவைப்பவரைத் திடுக்கிடச் செய்வதே மிச்சம். அதே வேட்டியை வெயிலிற் காயப்போட்டால் கறை தானே வெளிறிவிடுகிறது. அடுப்பிற் கொதித்தும் மாறாத நிறம் வெயிலுக்கு மாத்திரம் தோற்பது ஏன்? அதனை அழிப்பது வெயிலின் சூடன்று, ஒளியே.

மஞ்சளின் நிறப்பொருளுக்குக் குர்க்குமின் என்று பெயர். 1815இல் பிரித்தெடுக்கப்பட்ட இதன் அமைப்பு 1910இலேதான் துணியப்பட்டது. ஆறு காபன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பென்சீன் வளையங்கள் இரண்டு. அவற்றை இணைக்கும் ஏழு காபன் அணுக்களின் சங்கிலி ஒன்று. இத்தகைய வளையமுள்ளவற்றை அரோமற்றிக்குச் சேர்வைகள் என்பர். வளையத்தின் இலத்திரன்கள் சில ஆறு அணுக்களுக்கும் பொதுச்சொத்தாக இருப்பதனால் அது மிக உறுதியானது. சங்கிலிக்கு அவ்வுறுதி இல்லை.

ஒளி தன் சக்தியைச் சொட்டுச் சொட்டாகவே கொடுக்கிறது என 1905இல் ஐன்ஸ்ரைன் எடுத்துரைத்தார். இரசாயனர் கணக்கிடும் ஒரு மூல் அளவுக்கு, 700 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளிச் சொட்டுகளின் சக்தி ஏறத்தாழ 171 கிலோயூல். 350 நனோமீற்றர் கழியூதாக் கதிருக்கோ அது இருமடங்கு, 342 கிலோயூல். இரு காபன் அணுக்களுக்கிடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பை முறிக்க வேண்டுவதும் ஏறக்குறைய இவ்வளவே. அடுப்பின் வெப்பம் கோடானுகோடி மூலக்கூறுகளுக்குச் சிறுகச் சிறுகப் பகிரப்படுகிறது. ஒளிச்சொட்டோ தன் சக்தி முழுவதையும் ஒரே மூலக்கூற்றிடம் ஒப்படைக்கிறது.

ஆயினும் பிணைப்பு கத்தியால் வெட்டுண்டது போல உடனே அறுந்துவிடும் என்று எண்ணலாகாது. முதலில் ஓர் இலத்திரன் தன் நிலையை விட்டு மேலெழுகிறது. அவ்வாறு தளர்ந்த மூலக்கூற்றை வளியிலுள்ள ஒட்சிசன் தாக்க, சங்கிலி முறிகிறது. ஒட்சிசன் இவ்வாறு துணை நிற்பதனாற் சற்றுச் சிறிய சொட்டுகளும் போதியனவாகின்றன. எஞ்சுவன வனிலின், பெருலிக்கமிலம் முதலிய துண்டுகள். வனிலாக் காய்க்கு மணந்தரும் அதே வனிலின்தான்! இத்துண்டுகளில் வளையம் குலையாமலே இருக்கிறது. ஆனால் அவை கழியூதாவையே உறிஞ்சி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விட்டுவிடுகின்றன. ஆதலால் துணி வெண்மையாகத் தோன்றுகிறது.

கறைக்கு நேர்வது நல்ல மஞ்சட்டூளுக்கும் நேரும். அதனைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து வெயில் படும் தட்டில் வைப்பவர் பலர். கண்ணாடி கழியூதாவின் ஒரு பகுதியைத் தடுப்பது உண்மையே. ஆனால் குர்க்குமின் மிகுதியாக உறிஞ்சுவது 425 நனோமீற்றரை அடுத்த ஊதா ஒளியை. அதற்குக் கண்ணாடி தடையன்று. தகரப் பேணியில் இட்டு மூடிய தூளே நெடுநாள் நிறங்குன்றாது இருக்கும்.